காற்றில்லாத கூண்டு

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம்: அனுபவம்.
பன்னிரண்டு வருஷம் என்று எழுதினேன்.
எட்டாவது கட்டம்: ஆதாரம் இணைக்கவும்.
காசிமேட்டில் நான் ஒட்டிய டீசல் டேங்குகள்
அந்த நேரம் நடுக்கடலில் இருந்தன.
கையிலிருக்கும் தீத்தழும்பை
ஸ்டேப்ளர் போட்டு அனுப்ப முடியாது.
பட்டறை தாமோதரத்திடம் லெட்டர் பேடு இல்லை,
பில் புக்கின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:
"இந்தப் பொண்ணு நல்லா ஒட்டும்."

ஐ.டி.ஐ.யில் ஒரு பருவம் இருந்தவள் நான்.
பீஸ் கட்டிய ரசீது இருக்கிறது,
படித்ததற்கு இல்லை.

தேர்வு மணலியில், ஒன்பது மணிக்கு.
கொருக்குப்பேட்டை கேட்டு எட்டேகாலுக்கே விழுந்துவிட்டது.
பெட்ரோல் டேங்கர்கள். நாற்பத்தெட்டு. எண்ணினேன்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் நீளமாக ஒரு தையல்,
பேர் தெரியாத யாரோ பாஸ் பண்ணிய தையல்.
பக்கத்தில் மீன்கூடைக்காரி
ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
நான் திட்டவில்லை.

குழாயை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து இறுக்கியிருந்தார்கள்.
அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றி வர வேண்டும்,
கீழே குந்தி, பக்கவாட்டில் வளைந்து, மேலே எட்டி.
மூன்று பக்கம் தகடு, ஒரு பக்கம் சிவப்புத் திரை.
ஆர்கானைத் திறந்தேன்.
பரிசோதகர் என்னைவிட ஆறு வயது இளையவர்,
திரையை விலக்கிக் கேட்டார்:
"ஏங்க, ஏன் திரும்பித் திரும்பி நிக்கிறீங்க?"

கிழக்கே முதுகைக் கொடுத்து நின்றிருந்தேன்.
பட்டறையில் கடல்காற்று கேஸைத் தள்ளிக்கொண்டு போகும்,
பன்னிரண்டு வருஷம் அதற்கு நானே சுவர்.
இங்கே காற்றில்லை.
முதுகுக்கு அது தெரியவில்லை.

பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்,
ஸ்டான்லியில் நெஞ்சுப் படம் பார்ப்பதைப் போல.
கடிகாரத்தில் ஆறு இருக்கும் இடத்தில்,
நான் வளைந்து எட்டாத இடத்தில்,
கடுகு சிதறியது மாதிரி கறுப்புப் புள்ளிகள்.
"மறுபடி கட்டுங்க. ஆயிரத்து எண்ணூறு."

மூன்று வாரம்
ராத்திரி ஷட்டரை இறக்கி, பேனை அணைத்து,
நேராக நிற்கப் பழகினேன்.
வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது.
எதிர்க்கடை டீ மாஸ்டர்
நான் உள்ளே மயங்கிக் கிடக்கிறேனோ என்று
இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

மறுதேர்வில் பிலிமோடு விடவில்லை.
ஒட்டிய இடத்தைப் பட்டையாக அறுத்து
பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள்.
உள்ளே பொய் இருந்தால் அங்கே கிழியும்.
எனக்கு முன்னால் நின்ற பையன்
இரண்டு வருஷம் படித்தவன், கோட்டீஸ்வரன் என்று பேர்,
அவன் பட்டை டப்பென்று பிளந்தது.
இரண்டு துண்டையும் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு
யாரையும் பார்க்காமல் போனான்.

என்னுடையது மெல்ல வளைந்து
குதிரை லாடம் ஆனது.
பரிசோதகர் விரலால் தடவிப் பார்த்தார்.
நானும் தடவிப் பார்த்தேன்.
இன்னும் சூடு இருந்தது.

சான்றிதழில் தேசராணி, தேவராணி என்று வந்திருந்தது.
திருத்த நாற்பது நாள்.
அதுவரை தேவராணியாகத்தான் வேலை பார்த்தேன்,
சம்பளம் தேசராணிக்கு வந்தது.

எண்ணூரில் முதல் குழாய்.
அங்கே காற்று இருந்தது.
முதுகை மறுபடி கிழக்கே கொடுத்தேன்,
சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை.
முடித்ததும் சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினார்,
உள்ளே எழுத்து அச்சுகள், இரும்பு.
ஒட்டியவர் தன் எண்ணை
ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும்.
நாளை அதன்மேல் பஞ்சு சுற்றித் தகரம் போர்த்துவார்கள்,
யார் கண்ணிலும் படாது.

நான் ஒட்டியது முன்பு ஒழுகினால்
உப்பு என்றார்கள், பழைய இரும்பு என்றார்கள்,
தாமோதரம் பட்டறையைச் சொன்னார்கள்.
ஒருவரும் என்னைச் சொன்னதில்லை.
இனி தகரத்தைப் பிரித்து, பஞ்சைக் கிழித்து,
எண்ணைப் படித்து
நேராக என் வாசலுக்கு வரலாம்.

சுத்தியலை எடுத்தேன்.
டபிள்யூ.
ஆறு.
ஒன்றை அடிக்கும்போது கை கொஞ்சம் நடுங்கி
எண் சாய்ந்து விழுந்தது.
படிக்க முடிகிறதா என்று
குனிந்து பார்த்தேன்.
முடிகிறது.